ஹார்லனின் கடைசி பீர்

அத்தியாயம் 9

“நாலு மணிக்குக் கையெழுத்துப் போடறார்,” என்றாள் மார்லிஸ் டெஷ்லர், ஜெயிலில் இருக்கும் கணவன் டுவேனைப் பற்றி. “தள்ளிவிட்டேன்னு ஒத்துக்கிட்டா எட்டு வருஷம். ஒத்துக்காம கேஸை நடத்தித் தோத்தா ஆயுசு பூரா. எட்டையே எடுத்துக்கோன்னு வக்கீல் சொல்றார்.”

சமையலறைக் கடிகாரம் ஒன்பதே காலைக் காட்டியது.

ரோமன் மனதுக்குள் கழித்துப் பார்த்தான். ஆறே முக்கால் மணி நேரம். துப்பறிய வருவதற்கு முன் பதினோரு வருஷம் பழைய கார் விற்றவன் அவன். கதவு சாத்தாத ஒரு ஃபோர்டை ஒருத்தர் தலையில் கட்டவே அவனுக்கு அதைவிட அதிக நேரம் பிடித்திருக்கிறது.

எதிர் நாற்காலியில் வெர்னா ஸ்கோகன். ஷெரீஃப் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் சார்ஜென்டாக இருந்துவிட்டு, ஓய்வுபெற்ற மறுவாரமே ஆஷ்பர்ன் மெயின் தெருவில் முடிதிருத்தும் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். மார்லிஸும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். அதனால் பேச்சில் மரியாதை கிடையாது.

“முதல்லேர்ந்து சொல்லு,” என்றாள் வெர்னா.

“பேப்பர்ல எல்லாம்தான் வந்துதே.”

“பேப்பர் ரோமன் படிப்பான். கார்ட்டூன் மட்டும்.”

“வானிலையும் பார்ப்பேன், சார்ஜென்ட்,” என்றான் ரோமன்.

மார்லிஸ் சிரிக்கவில்லை. தட்டில் பால்கட்டி வைத்து அவர்கள் பக்கம் நகர்த்தினாள். வீட்டில் செய்தது; உப்புக் குறைவாக, மெத்தென்று இருந்தது. அடுத்த ஈடு தொட்டிக் குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, கயிறு போல முறுக்கி, குழாயின் கழுத்தில் இரட்டைச் சுருக்குப் போட்டிருந்தாள். டொக், டொக் என்று மோர்த் தண்ணீர் சொட்டியது.

“நவம்பர்ல, மான் வேட்டை திறந்த முதல் சனிக்கிழமை,” என்று ஆரம்பித்தாள். “ஹார்லன் ப்ராக்னோ அவன் வீட்டுல, நிலவறைப் படிக்குக் கீழே கழுத்து முறிஞ்சு கிடந்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் தங்கச்சி பார்த்தா. தவறி விழுந்தான்னுதான் எல்லாரும் நெனச்சோம். ஆனா நிலவறைக் கதவு சமையலறைப் பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துது. செத்தவன் கீழே இருந்துக்கிட்டு மேலே வந்து தாழ் போட மாட்டான் இல்ல?”

“டுவேன் மேல ஏன் சந்தேகம்?”

“முந்தின வாரம் கிளப்புல சண்டை. வீட்டுல பீர் காய்ச்சறவங்க கிளப்பு. நாற்பது பேர் முன்னாடி ஹார்லன் இவரை ‘டின் டெஷ்லர்’னு கூப்பிட்டான். இவர் காய்ச்சறது அப்படித்தான். மூணு வருஷமா இதே அடுப்புல பார்த்திருக்கேன். கடையில வாங்கின பார்லி மால்ட் பாகு டின்னை உடைப்பார், கொதிக்கிற தண்ணியில ஊத்துவார், ஹாப்ஸ் பூவைப் போடுவார், ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு ஆற வெச்சு ஈஸ்ட் தூவுவார். அவ்வளவுதான். ஹார்லனுக்கு அது பீரே இல்லையாம். ‘உன்னை ஒழிச்சிடறேன்டா’ன்னு இவர் கத்தியிருக்கார்.”

“நேரம்?”

“ஒன்பதுக்கும் மூணுக்கும் நடுவுலன்னு டாக்டர் சொன்னார். ஆனா அன்னைக்கு ஹார்லன் பீர் காய்ச்சிட்டிருந்தான். ஒன்பது அஞ்சுக்கு கிளப்புக்கெல்லாம் பாத்திரத்தை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கான். போலீஸ் போனப்ப பீர் முழுசா முடிஞ்சு, வாளியில மூடி போட்டு இருந்துது. அந்த வேலை முடிய பன்னெண்டரை ஆகும். அதனால அதுக்கு அப்புறம்தான் செத்தான்னு முடிவு பண்ணிட்டாங்க.” அவள் குரல் இறங்கியது. “டுவேன் பன்னெண்டரை வரைக்கும் கோர்டியோட பீர்ச் சாமான் கடையில இருந்தார். எல்லாரும் பார்த்திருக்காங்க. அதுக்கப்புறம் அண்ணன் கூட வேட்டைக்குப் போறேன்னு என்கிட்ட சொன்னார். போகல. படகுத்துறையில காரை நிறுத்திட்டு ராத்திரி வரைக்கும் தனியா உக்காந்திருந்தாராம்.”

“தனியா என்ன பண்ணினார்?” என்றான் ரோமன்.

மார்லிஸ் மேஜை துடைக்கும் துணியை நான்காக மடித்தாள். ரோமனுக்குப் புரிந்தது. இந்த ஊரில் ஒருவன் மனைவிக்குத் தெரியாமல் காரில் உட்கார்ந்து செய்வது ஒன்றே ஒன்றுதான்: குடிப்பது.

“அன்னைக்கு நீ எங்க இருந்தே?” என்றாள் வெர்னா, சும்மா கேட்பது போல.

“ஒரு மணியிலேர்ந்து அஞ்சு வரைக்கும் சர்ச்சுல, கேக் விக்கிற கடையில. உன் தங்கச்சிக்கே ரெண்டு ஆப்பிள் கேக் வித்தேன்.”

ரோமனின் கண் ஃபிரிட்ஜ் மேல் போனது. கழுத்தில் கறுப்பு ரிப்பன் கட்டிய பீர் பாட்டில் ஒன்று தூசி படிந்து நின்றது.

“அது ஹார்லன் கடைசியா காய்ச்சினது,” என்றாள் மார்லிஸ் கசப்பாக. “அவன் நினைவா கிளப்புல ஆளுக்கு ஒரு பாட்டில் குடுத்தாங்க. டுவேனுக்கும் வந்துது. கொன்னவன்னு ஜெயில்ல வெச்சிருக்கற மனுஷனுக்கு, செத்தவன் காய்ச்சின பீர்! ஏன்டான்னா பட்டியல்ல பேர் இருந்துதாம். எடுத்துட்டுப் போங்க. இந்த வீட்டுல அது வேண்டாம்.”

வாசல்வரை வந்து வெர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன் விழுந்துட்டான்னு நிரூபிச்சிடு வெர்னா. அது போதும்.”

*

கோர்டி தில்லின் கடை எட்டு நிமிஷ தூரம். ஏப்ரல் பனி சாக்கடையோரம் கறுத்துக் கிடந்தது. உள்ளே வறுத்த பார்லி வாசனை. சுவர் முழுக்க மால்ட் பாகு டின்கள், கண்ணாடிக் குடுவைகள், ஹாப்ஸ் பாக்கெட்டுகள். கல்லாவுக்குப் பின்னால் கோர்டி, தாடியில் பாதி நரைத்து, மீதியில் மாவு படிந்து.

ரோமன் பாட்டிலைக் கல்லா மேல் வைத்தான். “திறப்பான் இருக்கா?”

“வெர்னா, குடிக்கப் போறியா? காலைலயேவா?”

“அவங்க குடிக்க மாட்டாங்க. விஷப் பரீட்சைக்கெல்லாம் சம்பளம் குடுத்து என்னை வெச்சிருக்காங்க,” என்று ரோமன் ஒரு வாய் உறிஞ்சினான்.

உறிஞ்சியவன் அப்படியே நின்றான். கன்னம் இரண்டும் உள்ளே இழுத்துக்கொண்டன. நாக்கு பலகையாகி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு கட்டுப் பாக்கைத் தோலோடு மென்றது போல இருந்தது.

“எப்படி?” என்றாள் வெர்னா.

“என்... நாக்கு... எங்க?”

கோர்டி வேறு பக்கம் பார்த்தார். “அது கொஞ்சம் வித்தியாசமா இருக்கும்.”

“நல்லா இருக்கா, இல்லையா?”

“வித்தியாசமா இருக்குன்னு எல்லாருமே சொன்னாங்க.”

“கோர்டி.” வெர்னா இரண்டு முழங்கையையும் கல்லாவில் ஊன்றினாள். “இந்த ஊர்ல என் மாமியார் சமையலைக்கூட ‘வித்தியாசமா இருக்கு’ன்னுதான் சொன்னாங்க. அதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். இன்னைக்கு நாலு மணிக்கு ஒருத்தன் எட்டு வருஷத்தைக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கப் போறான். உண்மையைச் சொல்லு.”

கோர்டி தாடியைத் தடவினார். கடையில் வேறு யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

“கேவலம்,” என்றார் மெதுவாக. “இருபது வருஷத்துல அவன் கையால இப்படி ஒண்ணு வந்ததில்ல. நாற்பத்திமூணு பேர் நின்னுக்கிட்டே குடிச்சோம். ஒருத்தன் முகம் சுளிக்கல. செத்தவனோட கடைசி பீரை எப்படிக் குறை சொல்றது? அவன் தங்கச்சி வேற முன்வரிசையில உக்காந்து அழுதுட்டிருந்தா. ரெண்டாவது டம்ளர் வேணுமான்னாங்க. நான் வாங்கிக் குடிச்சேம்மா!”

“அவ்வளவு கசப்பா?”

“கசப்பே இல்ல. அதைத்தான் சொல்றேன்.” கோர்டிக்கு இப்போது வேகம் வந்துவிட்டது. “கசப்பு ஹாப்ஸ் பூவோடது. நாக்குக்குப் பின்னாடி இறங்கும், இனிமையா போயிடும். இது துவர்ப்பு. வாயை உலர்த்தும். டீப் பையைக் கப்புல மறந்துட்டு அரை மணி கழிச்சுக் குடிச்சிருக்கியா? அது.”

“எதனால வரும்?”

கோர்டி ஒரு மஸ்லின் துணிப் பையை எடுத்துப் போட்டார். பக்கத்தில், உடைத்த கறுப்பு பார்லியை ஒரு கைப்பிடி.

“பாகு டின்னை மட்டும் ஊத்தினா பீர் தட்டையா இருக்கும். அதனால வறுத்த தானியத்தை இந்தப் பையில கட்டி, முதல்ல வெந்நீர்ல ஊறப் போடுவோம். டீ போடற மாதிரி. நிறம், மணம், ருசி எல்லாம் இறங்கும். ஆனா தண்ணி கொதிக்கவே கூடாது. நூத்தி அம்பத்தஞ்சு டிகிரி ஃபாரன்ஹீட், அரை மணி நேரம். அப்புறம் பையைத் தூக்கிப் பிடிச்சு, தானா சொட்டற வரைக்கும் சொட்டவிட்டுத் தூக்கிப் போட்டுடணும். அதுக்கப்புறம்தான் பாகு, அதுக்கப்புறம்தான் கொதி. பை உள்ள இருக்கும்போதே கொதிச்சா, உமியில இருக்கற துவர்ப்பு பூரா இறங்கிடும். பிழிஞ்சா இன்னும் மோசம். ஹார்லன் புதுசா வர்றவங்ககிட்ட முதல்ல கத்தறதே இதுக்குத்தான். ஒருதடவை பையைப் பிழிஞ்சான்னு ஒரு பல் டாக்டரை அழ வெச்சிருக்கான்!”

“அப்ப ஹார்லன் பையைக் கொதிக்க விட்டிருக்கவே மாட்டான்.”

“உயிரோட இருக்கற வரைக்கும் மாட்டான்,” என்றார் கோர்டி. சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. வாய் திறந்தபடியே நின்றது.

ரோமனுக்கு நாக்கு திரும்பி வந்தது. “சார்ஜென்ட்! ஒன்பது அஞ்சுக்கு போட்டோ அனுப்பறான். அதுல பை தண்ணியில கிடக்குது. அரை மணியில எடுக்கணும். எடுக்க அவன் இல்ல. அப்படின்னா ஒன்பதரைக்கெல்லாம் செத்தாச்சு. கொன்ன ஆள்தான் மிச்ச பீரைக் காய்ச்சி, மத்தியானம் வரைக்கும் அவனை உயிரோட வெச்சிருக்கான்!”

“குறிப்புத் தாள்?” வெர்னா பையிலிருந்து வக்கீல் கொடுத்த உறையை எடுத்தாள். ஹார்லனின் கையெழுத்தில் இருந்த தாளின் நகலைக் கல்லாவில் விரித்தாள். தானியம், முப்பது நிமிஷம். பாகு, ஆறு பவுண்டு. ஹாப்ஸ் எப்போது எவ்வளவு. ஈஸ்ட். ஒவ்வொரு வரிக்கும் எதிரே பென்சில் குறி.

கோர்டி விரலை வைத்துப் படித்தார். “பையை எடுன்னு எங்கயும் இல்லையே.”

“அவனுக்குத் தெரியும். எழுத வேண்டிய அவசியமில்ல,” என்றாள் வெர்னா. “அடுத்து நின்ன ஆளுக்குத் தெரியாது. பாகு ஊத்தத் தெரியும், பூப் போடத் தெரியும், ஈஸ்ட் தூவத் தெரியும். தானியம் மட்டும் தெரியாது.”

ரோமனின் உற்சாகம் காற்றுப்போன டயர் மாதிரி உட்கார்ந்தது. இந்த ஊரில் தானியமே போடாமல் காய்ச்சுகிறவன் யார் என்று நாற்பது பேருக்குத் தெரியும். அவனுக்குப் பட்டப்பெயரே இருக்கிறது.

“டின் டெஷ்லர்,” என்றான். “நல்லா காப்பாத்தினோம் மனுஷனை. எட்டு வருஷத்தை எண்பதாக்கிடலாம்.”

“டுவேனா? அன்னைக்குக் காலைல அவன் இங்கதான் இருந்தான்னு மார்லிஸ் சொல்லலையா?” கோர்டி தலையை ஆட்டினார். “எட்டரையிலேர்ந்து பன்னெண்டரை வரைக்கும் இதோ இங்க நின்னுட்டிருந்தான். என் சனிக்கிழமை வகுப்பு. பதினாலு பேர் சாட்சி. ஹார்லன் அவமானப்படுத்தினது பொறுக்காம கத்துக்க வந்தான். என்ன கத்துக்க வந்தான் தெரியுமா?” அவர் மஸ்லின் பையைத் தூக்கிக் காட்டினார். “இதைத்தான்.”

ரோமன் கல்லாவில் ஓங்கித் தட்டினான். “போதும்! சார்ஜென்ட், போன் போடுங்க!”

வெர்னா போட்டாள். வக்கீலிடம் ஐந்து நிமிஷம் பேசினாள். பேனாவை மூடி வைக்கச் சொன்னாள், கோர்டியின் பதினாலு பேரைச் சொன்னாள், பாட்டில்களைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னாள். போனை வைத்தபோது அவள் முகத்தில் ஜெயித்தவளின் சாயல் எதுவும் இல்லை.

“என்ன சார்ஜென்ட், உங்களுக்கும் ஒரு வாய் ஊத்திட்டேனா?”

அவள் உறையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து அவன் முன்னால் தள்ளினாள். போலீஸ் எடுத்தது. ஹார்லனின் சமையலறைத் தொட்டி. குழாயில் அந்தத் தானியப் பை. தூக்கிப் போடாமல், கயிறு போல முறுக்கி, சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லாமல் பிழிந்து, குழாயின் கழுத்தில் இரட்டைச் சுருக்குப் போட்டுத் தொங்கவிட்டிருந்தது.

ரோமனின் காதில் டொக், டொக் என்று கேட்டது.

போட்டோவை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

“நீங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்ச் இல்ல?” என்றான்.

“வண்டியை எடு,” என்றாள் வெர்னா.

*

மார்லிஸ் கதவைத் திறந்தபோது கையெல்லாம் உப்பாக இருந்தது.

“டுவேன் கையெழுத்துப் போடல,” என்றாள் வெர்னா. “திங்கட்கிழமைக்குள்ள விட்டுடுவாங்க.”

மார்லிஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது. “விழுந்துட்டான்னு தெரிஞ்சுதா?”

“இல்ல. காலைலயே செத்துட்டான்னு தெரிஞ்சுது. பீரை வேற யாரோ முடிச்சிருக்காங்க.”

வெர்னா போட்டோவைத் தொட்டி விளிம்பில், குழாயில் தொங்கிய துணி மூட்டைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். ஒரே முறுக்கு. ஒரே சுருக்கு. முடிச்சின் வால்கூட இரண்டிலும் இடப்பக்கம்.

மார்லிஸ் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“பிழியக் கூடாதா?” என்று கேட்டாள்.

“கூடாதாம்.”

“தாள்ல எழுதலையே.”

வெர்னா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“கெஞ்சத்தான் போனேன்,” என்றாள் மார்லிஸ். “டுவேன் ஆறு வருஷம் குடியைத் தொடாம இருந்தார், வெர்னா. உனக்குத் தெரியும். ‘ஒரு வாய் ருசி பாரு, என்ன ஆயிடும்’னு நிலவறைக்குக் கூட்டிட்டுப் போனது ஹார்லன். அப்புறம் மூணு வருஷம் இந்த வீட்டுல நான் எதைத் துடைச்சேன், எதை மறைச்சேன்னு எனக்குத்தான் தெரியும். இனிமே அவரைக் கூப்பிடாதேன்னேன். சிரிச்சான். ‘நீ என்ன அவன் அம்மாவா? அவன் பெரிய ஆளு, அவனே முடிவு பண்ணட்டும்’னான். ‘இரு, நீயும் ஒரு பாட்டில் குடிச்சுப் பாரு, அப்புறம் பேசு’ன்னு எடுத்துட்டு வர படியில திரும்பினான். முதுகுல கையை வெச்சேன். அவ்வளவுதான்.”

“அப்புறம் அடுப்பு எரிஞ்சுட்டிருந்துது.”

“அணைக்கத்தான் கையை நீட்டினேன். அப்ப அந்தத் தாள் கண்ணுல பட்டுது. இது முடிஞ்சா மத்தியானம் வரைக்கும் உயிரோட இருந்தான்னு ஆயிடும், ஒரு மணிக்கு நான் சர்ச்சுல இருப்பேன், டுவேன் அவர் அண்ணன் கூட இருப்பார், யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு... கீழே அவன் கிடக்கறப்ப என்னால கலக்க முடியல. கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். மூணு மணி நேரம், வெர்னா. வாழ்க்கையில எதை வெறுத்தேனோ அதைப் பொங்காம பார்த்து, ஆற வெச்சு, மூடி...”

அந்தத் தாழ்ப்பாள்தான் விபத்தாய்த் தெரிந்ததைக் கொலையாக்கியது. காய்ச்சிய பீர்தான் கொலையை மத்தியானத்துக்குத் தள்ளியது. அந்த மத்தியானத்தில் டுவேன் இவளுக்குப் பயந்து படகுத்துறையில் ஒளிந்து குடித்துக்கொண்டிருந்தான். ரோமன் தன் ஷூவைப் பார்த்தான்.

“அஞ்சு மாசம் அவனை உள்ள விட்டுட்டு எப்படிடி சும்மா இருந்தே?” வெர்னாவின் குரல் முதல்தடவையாக உடைந்தது.

“தினம் நாளைக்குச் சொல்லிடலாம்னு நெனச்சேன். வாராவாரம் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தார். முகம் தெளிஞ்சிருக்கு. கை நடுங்கல. பழைய டுவேன்.” அவள் உப்புக் கையை ஏப்ரனில் திரும்பத் திரும்பத் துடைத்தாள். “எட்டு வருஷம் அங்கேயே இருந்தா பொழைச்சுக்குவார்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. ஒரே ஒரு நிமிஷம். அப்புறம் என்னை நெனச்சே பயமா இருந்துது. அதான் உனக்குப் போன் பண்ணேன்.”

வெர்னா மேல்கோட்டை எடுத்து அவள் தோளில் போட்டாள். பட்டனைத் தானே மாட்டிவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேரை அழைத்துப் போனவள். யாருக்கும் பட்டன் போட்டதில்லை.

“ரோமன்,” என்றாள் மார்லிஸ், வாசலில் நின்று. “ஒரு உதவி. நிலவறையில பதினாலு டின் மால்ட் பாகு இருக்கு. பாட்டில், வாளி எல்லாம் இருக்கு. அவர் வர்றதுக்குள்ள எடுத்துட்டுப் போயிடறியா?”

“எடுத்துடறேன், மிஸஸ் டெஷ்லர்.”

அவர்கள் இருவரும் மார்லிஸின் காரில் ஏறிய பிறகு ரோமன் நிலவறையில் இறங்கினான். பதினாலு டின்களையும் இரண்டிரண்டாகத் தூக்கி வந்து தன் வண்டியின் பின்பக்கத்தில் அடுக்கினான். வாளியை எடுத்தான். பாட்டில்களை எடுத்தான். மூலையில், பிரிக்காத பாக்கெட்டில் புது மஸ்லின் பை ஒன்று இருந்தது; கோர்டி கடையின் நவம்பர் மாத ரசீதோடு. அதையும் எடுத்தான். அலமாரி துடைத்தது போல் காலியானது.

டுவேன் திங்கட்கிழமை வருவான். மேலே குழாயில் அவளுடைய மூட்டை தொங்கிக்கொண்டிருக்கும். வீட்டில் கேள்வி கேட்க யாரும் இருக்கப் போவதில்லை.

இவ்வளவையும் மறுபடி வாங்க, கோர்டியின் கடை எட்டே நிமிஷ தூரம்.